பட்டிக் கதவு தொங்காமல் இருக்க ஒரு வழிச்சட்டம்

ஆட்டுப்பட்டிக் கதவை ஆணியடித்துச் செய்தால், மூத்திர ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கும். மூலை தளர்ந்து கதவு தொங்கும். அந்த இடுக்கில் நாய் நுழைந்தால் நட்டம் பெரிது. ஒரு சட்டத்தில் துளையிட்டு, மறு சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி இறக்கும் இணைப்பே நீடித்து உழைக்கும். உளியால் இதைச் செய்யக் கைப்பழக்கம் வேண்டும். ரூட்டர் எந்திரம் கையிலிருந்தால், எளிய வழிச்சட்டம் ஒன்றின் துணையோடு விவசாயிகளே செய்து கொள்ளலாம்.

அளவுகள்

நன்கு காய்ந்த வேப்பமரச் சட்டம், 75 மி.மீ. அகலம், 36 மி.மீ. கனம் என்று கொள்வோம். துளையின் அகலம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 மி.மீ. இருத்தல் நலம். நீளம் 50, ஆழம் 30 மி.மீ. போதும். பச்சை மரம் கூடாது. காய்ந்து சுருங்கியதும் நாக்கு ஆடத் தொடங்கும்.

வழிச்சட்டம் செய்முறை

1. 12 மி.மீ. கனப் பிளைவுட்டில் 300க்கு 150 மி.மீ. துண்டு ஒன்று வெட்டிக் கொள்ளவும்.

2. 12 மி.மீ. பிட்டையும், 16 மி.மீ. வெளிவிட்டமுள்ள வழிகாட்டி வளையத்தையும் எந்திரத்தில் பொருத்தவும். வளையம் பிட்டைவிட 4 மி.மீ. பெரிது. ஆகவே பிளைவுட்டில் வெட்டும் வாயும் துளையைவிட 4 மி.மீ. பெரிதாக, 54 மி.மீ. நீளம், 16 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். மையங்கள் 38 மி.மீ. தள்ளியிருக்குமாறு 16 மி.மீ. துளை இரண்டு போட்டு, இடைப்பகுதியை அறுத்து அரத்தால் தேய்த்தால் வாய் தயார்.

3. பிளைவுட்டின் அடியில், வாயின் ஓரத்திலிருந்து சரியாக 10 மி.மீ. தள்ளி, வாய்க்கு இணையாக ஓர் அணைகட்டையைத் திருகவும். சட்டத்தை இதில் ஒட்டி வைத்தால் துளை கனத்தின் நடுவில் விழும்.

துளையும் நாக்கும்

சட்டத்தை அணைகட்டையோடு சேர்த்து இரு இடங்களில் கிளாம்பு போடவும். ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாமல், முறைக்கு 5 மி.மீ. வீதம் இறக்கித் தூளை அகற்றி வரவும். நெட்டுச் சட்டத்தின் முனையில் 25 மி.மீ. கூடுதலாக விட்டு, இணைத்த பின் அறுத்தால் முனை பிளக்காது.

குறுக்குச் சட்டத்தின் இரு முகங்களிலும் 12 மி.மீ. எடுத்தால் நடுவில் 12 மி.மீ. நாக்கு நிற்கும். நாக்கின் நீளம் 28 மி.மீ. போதும், மிச்ச இடம் பசைக்கு. வெளி ஓரத்தில் 25 மி.மீ. நீக்கி, அகலத்தை 50 ஆக்கவும். ரூட்டர் துளையின் முனைகள் வட்டமாக இருக்கும். நாக்கின் ஓரங்களையும் அரத்தால் உருட்டி விடவும். நீர் தாங்கும் பசையிட்டு, மர முளையும் அடிக்கவும்.

மறக்கக் கூடாதது

பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த முதல் கதவு முறுக்கிக் கொண்டது. அணைகட்டை 1 மி.மீ. விலகியிருந்தது, நானோ ஒரு சட்டத்தைப் புரட்டி வைத்து விட்டேன். பிழை 2 மி.மீ. ஆகி மரம் வீணாயிற்று. ஆகவே எல்லாச் சட்டங்களின் முகப்பிலும் பென்சிலால் குறியிட்டு, குறியிட்ட முகமே அணைகட்டையில் படியுமாறு எப்போதும் வைக்கவும். சிறு பிழை இருந்தாலும் எல்லா இணைப்புகளிலும் ஒரே பக்கமாக விழும், கதவு முறுக்காது. நாக்கையும் அதே முகத்திலிருந்து அளந்து செதுக்கவும். வழிச்சட்டம் சரியானதைப் போலவே பிழையையும் திரும்பத் திரும்பச் செய்யும் என்பதால், முதலில் கழிவுக் கட்டையில் வெட்டிப் பார்ப்பது அவசியம்.

பிட் மாற்றுமுன் மின் இணைப்பைக் கழற்றவும். கண்ணாடி அணியவும், தோளில் துண்டு வேண்டாம். ஒருமுறை செய்த வழிச்சட்டம் அடுத்த கதவுக்கும், அண்டை வீட்டார் பட்டிக்கும் உதவும்.