பெற்றோருக்குப் பின் யார்? அறிவுசார் குறைபாடு உடையோருக்கான குழு இல்லம்

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சார்ந்த கோட்டுகால் ஊராட்சிக்கு அடுத்த ஊராட்சி வெங்கானூர். 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் இவ்வூரில் சிறிய பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. அறிவுசார் குறைபாடு உடைய ஏழைப் பிள்ளைகளுக்கென ஓர் ஊராட்சி தானே ஏற்று நடத்திய அப்பள்ளிதான் மாநிலத்தின் முதல் 'பட்ஸ்' பள்ளியாகும். உள்ளாட்சி மன்றம் பொறுப்பேற்க, குடும்பஸ்ரீ இயக்கம் துணைநிற்க நடைபெறும் இத்தகைய நிலையங்கள் இன்று மாநிலம் முழுவதும் முந்நூறுக்கு மேல் உள்ளன. பதினெட்டு வயதைக் கடந்தோர்க்குப் பட்ஸ் மறுவாழ்வு மையங்கள் தனியே இயங்குகின்றன.

இத்திட்டத்தின் வெற்றியே அடுத்த கேள்வியைக் கொண்டுவந்துள்ளது. 2004இல் எட்டு வயதில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு 2024இல் வயது 28. அவனுடைய தாய்க்கு ஐம்பதோ அறுபதோ ஆகியிருக்கும். அறிவுசார் குறைபாடு உடையோர் இளமையிலேயே மறைந்துவிடுவர் என்று எண்ணிய காலம் மாறிவிட்டது. அமெரிக்காவில் டவுன் நோய்க்குறி உடையோரின் சராசரி ஆயுள் 1983இல் 25 ஆண்டாக இருந்தது. இப்பொழுது அது ஏறத்தாழ 60 ஆண்டு. மருத்துவ வசதி பரவப் பரவ நம் நாட்டிலும் பிள்ளைகள் பெற்றோருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்வர். பகல்நேர மையமோ மாலையில் மூடப்படுகிறது. அதன்பின் வரும் இரவைப் பார்த்துக்கொள்வதற்குத் தாய் இருக்கும்வரை கவலையில்லை. தாய் இல்லாதபோது என்ன செய்வது?

2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 7.9 லட்சம் பேர். இவர்களுள் பெரும்பாலோருக்கு உறைவிடம் வேண்டியதில்லை. வேண்டுவோர் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு சிலரே. இச்சிறு தொகையே திட்டமிடுவோரைத் தவறான வழியில் செலுத்திவிடுகிறது. பல ஊர்களின் ஒரு சிலரையும் ஓரிடத்தில் திரட்டி, நூறு பேருக்கு ஒரு பெரிய விடுதி கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. செலவும் குறையும் என்று கணக்குக் காட்டப்படுகிறது. உண்மையில் சமையலும் காவலும் மட்டுமே இவ்வாறு சிக்கனப்படும். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், மருந்து கொடுத்தல் ஆகியவற்றுக்கு வேண்டிய கைகள் குறைவதில்லை. பெரிய விடுதி மலிவாகத் தோன்றினால், அங்குக் கைகள் போதவில்லை என்றே பெரும்பாலும் பொருள் கொள்ள வேண்டும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபொழுது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். ஆள் போதாத இடத்தில் ஆளின் வேலையைச் சங்கிலி செய்துவந்தது.

சட்டத்தின் நிலை

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 19ஆம் உறுப்பைத் தழுவி, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமுதாயத்தில் வாழும் உரிமையை அவர்களுக்கு அளித்துள்ளது. இன்ன ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தலாகாது எனவும் கூறுகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மேலும் ஒரு படி செல்கிறது. குடும்பம் இல்லை, குடும்பத்தார் ஏற்கவில்லை, வீடில்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருத்தல் கூடாது. அத்தகையோர்க்குக் குழு இல்லம் போன்ற ஏற்பாடுகளை அரசு செய்தல் வேண்டும்.

எனினும் இவ்விரு சட்டங்களும் இருவேறு மக்களைக் கருத்திற் கொண்டவை. மனநோய் என்பதன் விளக்கத்திலிருந்து அறிவுசார் குறைபாட்டை 2017ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியே வைத்துள்ளது. நோய் தணிந்து தன் வேலையைத் தானே பார்க்கக்கூடிய ஒருவரையும், பிறவியிலிருந்தே உணவூட்ட ஆள் தேவைப்படும் ஒருவரையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தால் இருவருக்கும் கேடு. பதிவு முறைகளும் வேறு வேறானவை. ஆகவே இல்லம் அமைக்க முற்படுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது மனையைப் பற்றியன்று, உறைவோர் யார் என்பதைப் பற்றியே.

சிறு வீடுகள்

சென்னையில் 1993இல் தொடங்கப்பெற்ற பான்யன் நிறுவனத்தின் பட்டறிவு ஈண்டு பயன்படும். தெருவில் திரிந்த மனநோயாளப் பெண்களைக் காத்துவந்த இந்நிறுவனம், நோய் தணிந்தும் திரும்பிச் செல்ல வீடில்லாதோர் தன் நிலையத்திலேயே தங்கிவிடுவதைக் கண்டது. 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்னும் பெயரில் சாதாரணக் குடியிருப்புகளில் வாடகை வீடு எடுத்து, வீட்டுக்கு நான்கைந்து பேர் வீதம் குடியமர்த்தி, உடனுறையும் உதவியாளரை அமர்த்திவருகிறது. கேரளம் உட்படப் பிற மாநிலங்களிலும் இம்முறை பரவியுள்ளது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் இதனை நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகக் காட்டியது. இது மனநோயாளர்க்கென உருவானதேயாயினும், தெருவில் ஒரு வீடாக இருப்பது என்னும் அதன் அடிப்படை அறிவுசார் குறைபாடு உடையோர்க்கும் பொருந்தும்.

சிறு வீட்டின் செலவு எங்கே விழுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். வாரத்திற்கு 168 மணி நேரம். நாளுக்கு 8 மணி வீதம் 6 நாள் உழைக்கும் பணியாளர் தருவது 48 மணி. ஒரே ஒரு பணியிடத்தை இரவும் பகலும் காலியின்றி வைக்க மூன்றரைப் பணியாளர் தேவை. விடுப்பையும் நோயையும் சேர்த்தால் நால்வர். இல்லத்தில் உறையும் ஆறு பேரும் வாரத்தில் ஐந்து நாள் காலை 10 முதல் மாலை 4 வரை பட்ஸ் மையத்திற்குச் சென்றுவருவதாகக் கொள்வோம். 30 மணி நேரம் குறைந்து 138 மணி நேரமாகிறது. அதாவது பணியாளர் செலவில் ஏறத்தாழ 18 விழுக்காடு மிச்சம். எனவே குழு இல்லத்திற்கு ஏற்ற இடம் அமைதியான தோப்பு அன்று, பகல் மையத்திற்கு நடந்தோ வண்டியிலோ எளிதில் செல்லக்கூடிய தெரு. உறைவோரில் ஒருவரைத் தூக்கிப் படுக்க வைக்க இருவர் வேண்டுமாயின், இரவில் இரண்டாவது ஆளுக்கென வாரம் 56 மணி நேரம் கூடும். ஒரு முழுப் பணியாளரின் நேரத்திற்கும் அது மிகுதி.

இக்கணக்கு எளிமையானதே. ஆயினும் இல்லங்களைப் பற்றிய திட்ட அறிக்கைகளில் கட்டடத்தின் சதுர அடி இடம்பெறும் அளவுக்கு இரவுப் பணியாளரின் எண்ணிக்கை இடம்பெறுவதில்லை. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி நிலையான சொத்துகளை உருவாக்கவே தரப்படுகிறது. தொடர் செலவுக்கு அதில் இடமில்லை. கொடையாளரும் பெயர் பொறிக்கக் கூடிய அறையையே விரும்புவர். கட்டடத்திற்குப் பணம் கிடைக்கும், சம்பளத்திற்குக் கிடைக்காது. கோட்டுகால் போன்ற ஊராட்சி வாடகை வீட்டில் தொடங்குமாயின், திரட்டிய முதலைக் கல்லிலும் சிமெண்டிலும் முடக்காமல், அதன் வருவாயைக் கொண்டு சம்பளம் தர வழியுண்டு. அருகே விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிக இயக்கத்தைத் தொடங்கியிருப்பதால், வாடகை ஏறக்கூடும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும். நீண்டகால ஒப்பந்தம் இன்றியமையாதது.

மருத்துவத்திற்குத் தனி ஏற்பாடு பெரிதாக வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டு வலிதணிப்புச் சிகிச்சைக் கொள்கையின் பயனாகக் கேரள ஊராட்சிகளில் வீடு தேடிவரும் செவிலியர் பணி நிலைபெற்றுள்ளது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டிற்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான செலவை ஏற்கிறது.

எல்லைப்புறச் சிக்கல்கள்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தென் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகள் அவ்வாறு பிரியவில்லை. பாறசாலையில் வாழும் மகனுக்குக் களியக்காவிளையில் தாய்மாமன் இருப்பது இயல்பு. தாய் இறந்தபின் மாமன் வீட்டிற்குச் சென்றவர் மாநில எல்லையையும் கடந்துவிடுகிறார். தனித்துவ அடையாள அட்டை நாடெங்கும் செல்லும். ஓய்வூதியமோ அந்தந்த மாநிலம் தன் குடிகளுக்குத் தருவது. இடம் மாறுமுன் இதைத் தீர்த்துக்கொள்ளாவிட்டால் மாதங்கள் பல வருவாயின்றிக் கழியும்.

மொழியும் சிறு காரியமன்று. ஐம்பது சொற்களே அறிந்த ஒருவருக்கு அந்த ஐம்பதும் வீட்டில் தாய் வழங்கிய சொற்களாகவே இருக்கும். தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்தவர் பசியையும் வலியையும் வயிற்றுப்போக்கையும் எந்தச் சொல்லால், எந்தச் சைகையால் தெரிவிப்பார் என்பதைத் தாயிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அக்குறிப்பு மருந்துச் சீட்டுக்கு நிகரானது.

சொத்தும் காப்பாளரும்

பெற்றோர் பலர் தம் வீட்டையோ சேமிப்பையோ இல்லத்தின் பெயருக்கே எழுதி வைத்துப் பிள்ளையை ஒப்படைக்க முன்வருகின்றனர். இதனை இல்லம் ஏற்றுக்கொள்ளாதிருத்தலே முறை. பராமரிப்பவரும் சொத்துக்கு உரியவரும் ஒருவரேயானால், பராமரிப்பு மோசமானபோது பிள்ளையை வேறிடம் கொண்டுசெல்லக் கையில் ஏதும் இராது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம், அறிவுசார் குறைபாடு, புற உலகச் சிந்தனையின்மை, மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோர்க்குச் சட்டமுறைக் காப்பாளரை நியமிக்க வழி செய்துள்ளது. மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் நிலைக் குழு இதனைச் செய்கிறது. காப்பாளர் பொறுப்பு உறவினரிடம், பராமரிப்பு இல்லத்திடம் எனப் பிரிந்திருப்பது நன்று.

இல்லத்தை எவ்வாறு தொடங்குவது என்பதில் ஒரு நடைமுறை குறிப்பிடத்தக்கது. தாய் இறந்த மறுநாள் மகனை அறியாத வீட்டிற்கு அழைத்துச் செல்வதே இன்று பெரும்பாலும் நிகழ்கிறது. ஒரே வேளையில் தாயையும் வீட்டையும் படுக்கையையும் இழந்தவர் உண்ண மறுப்பதும் கூச்சலிடுவதும் வியப்பன்று. அதையே நோயென்று கருதி மயக்க மருந்து கொடுத்துவிடுகின்றனர். மாறாக, இல்லத்தின் ஆறு படுக்கைகளுள் ஒன்றைக் குறுகிய காலத் தங்கலுக்கென ஒதுக்கலாம். தாய் நலமாக இருக்கும்போதே மாதத்தில் இரண்டு இரவு, பின்னர் நான்கு, பின்னர் ஒரு வாரம் எனப் பிள்ளை வந்து தங்கிப் பழகலாம். அந்த ஒரு படுக்கையைக் கொண்டு ஓர் ஆண்டில் பத்துக் குடும்பங்களுக்கேனும் ஓய்வு கிடைக்கும். எவருக்கு நிலையான உறைவிடம் வேண்டும், எவருக்கு வேண்டியதில்லை என்பதும் ஊராட்சிக்கு அதனால் தெரியவரும்.