தடுமாறுவது விரலா, செயலியா?

வங்கி வாசலிலும் மருந்துக்கடைக் கல்லாவுக்கு எதிரிலும் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "எனக்கு இதெல்லாம் வராதுப்பா, நீயே போட்டுக் கொடு." சொல்லிவிட்டு, போனைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டிவிடுகிறார்கள். அந்தப் போனுக்குள் அவருடைய வங்கிக் கணக்கு இருக்கிறது. 2016 ஏப்ரலில் தொடங்கிய யுபிஐ இன்று இளநீர் வண்டி வரை வந்துவிட்டது. இந்த நிலையில் ஒரு செயலி எப்படி அமைந்திருக்கிறது என்பதை வெறும் ரசனைப் பேச்சாக ஒதுக்க முடியாது. பணம் அனுப்பும் செயலிகளையே உதாரணமாகக் கொண்டு சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: செயலியைக் கையாளத் தெரியாவிட்டால் குறை நம்மிடம்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தரைதட்டிச் சேதமடைவது திரும்பத் திரும்ப நடந்தது. இறக்கை மடிப்புகளை உள்ளிழுக்க நினைத்த விமானி, சக்கரங்களை உள்ளிழுத்திருப்பார். 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அல்போன்ஸ் சாபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையை ஆராய்ந்தார். இரண்டு வேலைக்குமான சுவிட்சுகள் ஒரே வடிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கான சுவிட்சின் முனையில் குட்டிச் சக்கரம் ஒன்றையும், மடிப்புக்கான சுவிட்சில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். விரல் தொட்டதுமே எது எதுவென்று தெரிந்தது; தவறு நின்றது. தரையிறங்கு சக்கரத்துக்கான பிடியைச் சக்கர வடிவில் அமைக்கும் வழக்கம் விமானங்களில் இன்றும் தொடர்கிறது.

நம் ஊரில் நடந்த மோசடி ஒன்றை இதோடு வைத்துப் பாருங்கள். பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்தவருக்கு போன் வரும். "பணம் அனுப்பியிருக்கேன், பின் நம்பர் போட்டு வாங்கிக்குங்க." உண்மையில் வந்திருப்பது பணம் கேட்கும் கோரிக்கை; விற்பவர் பின் எண்ணைப் போடுவார், பணம் வராது, கணக்கில் இருந்தது போகும். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஆனால் பணம் கேட்டு வரும் கோரிக்கைக்குச் சம்மதிக்கும்போதும், தானே பணம் அனுப்பும்போதும் அதே பின் திரைதான் வந்து நின்றது. ஏமாந்தவரை ஏமாளி என்றோம், "விழிப்போடு இருங்கள்" என்று ஆண்டுக்கணக்கில் அறிவுரை சொன்னோம். கடைசியில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யுபிஐ வழியே பணம் கேட்கும் அந்த வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொன்னது. தவறு நடக்கும் வழியை அடைப்பதுதான் வடிவமைப்பு. அறிவுரை அதற்கு மாற்றாகாது.

நம்பிக்கை: பார்க்க அழகாக இருந்தால் பயன்படுத்தவும் எளிதாக இருக்கும்.

இது எல்லோருடைய மனமும் செய்கிற தவறு. ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த குரோசு, கஷிமுரா இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஎம் திரைக்கான 26 அமைப்புகளை 252 பேரிடம் காட்டினார்கள். எந்த அமைப்பு அழகாகத் தெரிந்ததோ, அதையே மக்கள் 'எளிது' என்றும் மதிப்பிட்டார்கள். உண்மையான எளிமையோடு அந்த மதிப்பீடு அவ்வளவாக ஒட்டவில்லை. அழகு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அழகு குறைகளை மறைத்துவிடும் என்பதால், பார்த்து மெச்சுவதோடு நிறுத்தாமல் வேலை செய்யவைத்துச் சோதிக்க வேண்டும் என்பதே பாடம்.

வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்து இதற்குச் சரியான உதாரணம். குளிரூட்டிய அறையில் பெரிய கணினித் திரையில் அது நாகரிகமாகத் தெரியும். மே மாத வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அது வெற்றுத் திரை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்று உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறைகள் சொல்கின்றன. விரல் படும் இடத்துக்கும் அளவு உண்டு. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் சொல்லும் 48 அலகு, திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். 'சம்மதம்', 'ரத்து' என்ற இரண்டு பட்டன்களைக் குட்டியாக்கி ஒட்டவைத்துவிட்டு, விரல் நடுங்குகிற பாட்டியைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

நம்பிக்கை: தட்டல்கள் குறையக் குறையச் செயலி மேம்படும்.

'மூன்று கிளிக்குக்குள் வேலை முடியாவிட்டால் ஆள் போய்விடுவார்' என்ற விதி இணைய உலகில் வேதவாக்காக இருந்தது. ஜோஷுவா போர்ட்டர் என்ற ஆய்வாளர் 2003இல் அதைச் சோதித்தபோது, கிளிக்குகளின் எண்ணிக்கைக்கும் மக்களின் திருப்திக்கும் தொடர்பே தெரியவில்லை. ஒவ்வொரு படியிலும் 'சரியான பாதையில்தான் போகிறோம்' என்று தெரிந்தால் போதும், மக்கள் பொறுமையாகப் போவார்கள். பணம் அனுப்பும்போது ஒரு படி கூடுவது பாதுகாப்பும்கூட. எண்ணைப் போட்டதும், பெறுபவரின் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடி பெரிய எழுத்தில் வந்து நின்று, 'இவருக்குத்தானே?' என்று கேட்க வேண்டும். அந்த ஒரு நொடித் தாமதம், தவறான எண்ணுக்குப் போன பணத்தை மீட்க வங்கிக்கு அலையும் நாட்களைவிட மலிவு.

நம்பிக்கை: படக்குறி இருந்தால் எழுத்து தேவையில்லை.

வீடு, பூதக்கண்ணாடி போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், படக்குறிகள் பழகியவருக்கு மட்டுமே பேசும். மெனுவைக் குறிக்கும் மூன்று கோடுகளை ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது 1981இல். நாற்பது ஆண்டு கடந்தும் அதைத் தட்டத் தோன்றாதவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். படத்துக்குக் கீழே ஒரு சொல் எழுதினால் தீர்ந்தது.

நம்பிக்கை: மொழிபெயர்த்துவிட்டால் அது தமிழ்ச் செயலி.

ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் தமிழை ஊற்றினால் பாதிச் சொல்லோடு மூன்று புள்ளிதான் மிஞ்சும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. வரிகளுக்கு நடுவே இடம் விடாவிட்டால் மேலே கொக்கியும் கீழே சுழியும் வெட்டுப்பட்டு, 'கி' எது, 'கீ' எது என்று தெரியாமல் போகும். முதல் திரை தமிழில் இருக்க, பணம் சிக்கிக்கொண்டதும் வரும் பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருவது இதைவிடக் கொடுமை. மனிதர் பதறி நிற்கும் நேரத்தில்தான் தாய்மொழி வேண்டும். கணக்கில் பணம் கழிந்து பெறுபவருக்குச் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதித்திருக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்துக்குப் பதில் இந்தத் தகவலை நல்ல தமிழில் இரண்டு வரியாகக் காட்டினால் எத்தனை பேருக்கு நெஞ்சு நிலைப்படும்!

நம்பிக்கை: மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் சலுகை.

கணக்குத் தொடங்க முகத்தைக் காட்டி 'கண் சிமிட்டுங்கள்' என்கிறது செயலி. ஆசிட் வீச்சில் இமைகள் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? அப்படிப் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் நீதிமன்றம் போனார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. உரிமையைச் சலுகை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம்பிக்கை: சந்தாவை ரத்து செய்யும் இடம் கண்ணில் படாதது தற்செயல்.

பெரும்பாலும் இல்லை. சேர ஒரு தட்டல், விலக ஐந்து திரை என்று வைப்பதும், கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பதும் கணக்குப் போட்டுச் செய்யும் வேலைகள். இப்படி 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடை செய்துள்ளது.

ஆகவே, அடுத்த முறை ஒரு திரையில் தடுமாறினால் போனை அடுத்தவரிடம் நீட்டாதீர்கள். எந்தத் திரை, எந்தப் பட்டன், என்ன புரியவில்லை என்று செயலியின் மதிப்புரைப் பகுதியில் தமிழிலேயே எழுதுங்கள். தந்திரத்தில் சிக்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணமே பறிபோயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள்.