தொடுதிரையும் நேர்க்கோட்டுச் சமன்பாடும்

ஆயத்தொலை வடிவியல் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி வந்துவிடும்: "சார், இதெல்லாம் எதுக்குப் பயன்படும்?" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிகளில் இதற்கான விடை பல மாணவர்களின் வீட்டிலேயே இருக்கிறது. 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் பெற்றோர் பலர் வேலை செய்கிறார்கள். அங்குள்ள கன்ட்ரோல் பேனல்கள் பலவற்றில் சுவிட்சு வரிசையின் இடத்தில் இன்று தொடுதிரை இருக்கிறது. தொட்ட இடமும் திரை உணரும் இடமும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்வதைக் 'கேலிபரேஷன்' என்கிறார்கள். நாம் இதை அளவுத்திருத்தம் எனலாம். இதன் அடிப்படை, உயர்நிலை வகுப்புகளில் நாம் நடத்தும் கணக்குதான். இதை ஒரு பாடமாக நடத்தும் முறையை இங்கே பகிர்கிறேன்.

திரை விரலை எப்படி அறிகிறது?

தொழிற்சாலைப் பேனல்களில் மின்தடை வகைத் தொடுதிரைகள் பரவலாக உள்ளன. கையுறை அணிந்த விரலாலும் இவற்றை இயக்கலாம் என்பது முக்கியக் காரணம். மின்கடத்தும் மெல்லிய பூச்சு கொண்ட இரண்டு அடுக்குகள் சிறு இடைவெளியுடன் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். விரல் அழுத்தும் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ளும்.

ஓர் அடுக்கின் இரு முனைகளுக்கு இடையே 5 வோல்ட் தரப்பட்டால், நடுவில் தொடும்போது மற்ற அடுக்கில் 2.5 வோல்ட்டும், முக்கால் தூரத்தில் தொடும்போது 3.75 வோல்ட்டும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் தொடரிணைப்பு மின்தடைகள் மின்னழுத்தத்தைப் பங்கிடுவதைச் சொல்கிறோம் அல்லவா, அதுவேதான். இந்த மின்னழுத்தம் ஓர் எண்ணாக மாற்றப்படுகிறது. 12 பிட் மாற்றியானால் அந்த எண் 0 முதல் 4095 வரை இருக்கும். அடுத்து, குறுக்குவாட்டுக்கு ஒன்று, நெடுக்குவாட்டுக்கு ஒன்று என இரு எண்கள் எடுக்கப்படும்.

ஆனால் திரையில் உள்ள படம் வேறோர் அளவில் இருக்கிறது. 800 × 480 புள்ளிகள் கொண்ட திரை என்று வைத்துக்கொள்வோம். தொடு எண்ணைத் திரைப்புள்ளி எண்ணாக மாற்ற ஒரு சமன்பாடு தேவை. அதைக் கண்டுபிடிப்பதே அளவுத்திருத்தம்.

கணக்கு

திரையின் இடப்பக்கம் x = 80 என்ற இடத்தில் ஒரு சிலுவைக்குறி தோன்றுகிறது. தொட்டால் எண் 500. வலப்பக்கம் x = 720இல் இன்னொன்று. தொட்டால் எண் 3700.

சாய்வு = (720 − 80) ÷ (3700 − 500) = 640 ÷ 3200 = 0.2

x = 0.2r + c; எனவே 80 = 100 + c; c = −20

அதாவது x = 0.2r − 20. இங்கே r என்பது தொடு எண்.

காலப்போக்கில் பூச்சின் மின்தடை மாறுகிறது. வெப்பமும் தேய்மானமும் சேர்கின்றன. அதே இடங்களைத் தொட்டால் இப்போது 600, 3800 வருகின்றன என்று கொள்வோம். பழைய சமன்பாடு 100, 740 என்று சொல்லும். எல்லா இடத்திலும் 20 புள்ளி விலகல். பொத்தான்கள் நெருக்கமாக உள்ள திரையில், 'நிறுத்து' என்பதன் ஓரத்தைத் தொட்டால் பக்கத்துப் பொத்தான் இயங்கக்கூடும். இதுபோன்ற காரணங்களால்தான் அவசர நிறுத்தத்துக்குத் திரையை நம்பாமல், காளான் வடிவச் சிவப்புப் பொத்தானைத் தனியே வைக்கிறார்கள். மாணவர்களிடம் இதைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

புதிய சமன்பாட்டை மாணவர்களே காணட்டும்: x = 0.2r − 40. சாய்வு மாறவில்லை, வெட்டுத்துண்டு மட்டும் மாறியது. திருகு அளவியில் சுழிப்பிழை திருத்துவதும் இதே வகைதான். எண்கள் 700, 3260 என்று வந்தால் சாய்வே 0.25 ஆகிவிடும்; x = 0.25r − 95. சாய்வும் வெட்டுத்துண்டும் எதைக் குறிக்கின்றன என்பது இங்கே கண்ணால் காணும் பொருளாகிறது.

திரை சற்றுச் சாய்ந்திருந்தால்?

தொடு அடுக்கு படத்தின்மேல் சிறிது கோணலாகப் பொருந்தியிருந்தால், x மதிப்பு குறுக்கு எண் r, நெடுக்கு எண் s இரண்டையும் சார்ந்திருக்கும்: x = ar + bs + c. காண வேண்டியவை மூன்று. ஆகவே மூன்று புள்ளிகள் வேண்டும். y மதிப்புக்கும் இதேபோல மூன்று. பத்தாம் வகுப்பின் மூன்று மாறிகளில் அமைந்த ஒருங்கமை நேரியல் சமன்பாடுகளுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் ஒரே தீர்வு கிடைக்காது என்பதையும் விவாதிக்கலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையான பொருள்கள்: வரைபடத்தாள், ஒளி ஊடுருவும் தாள், அளவுகோல், மார்க்கர்.

1. ஒளி ஊடுருவும் தாளில் 5 மி.மீ. இடைவெளியில் கட்டங்கள் வரைந்து எண்ணிடுக. இது தொடு அடுக்கு. 1 செ.மீ. அலகு கொண்ட வரைபடத்தாள் திரை.
2. வரைபடத்தாளில் A (2, 3), B (14, 9) ஆகியவற்றைக் குறித்து, மேல்தாளைச் சற்று நகர்த்தி, ஆனால் கோடுகள் இணையாக இருக்குமாறு ஒட்டுக.
3. மேல்தாளில் A, B இரண்டின் எண்களைப் படித்து, x, y இரண்டுக்கும் சமன்பாடு காண்க.
4. ஒரு குழு C என்ற புதிய புள்ளியின் மேல்தாள் எண்களை மட்டும் சொல்லட்டும். தாளைப் பார்க்காத மறுகுழு அதன் உண்மையான இடத்தைக் கணக்கிடட்டும்.
5. B-யை (14, 3) என்று வைத்திருந்தால் என்ன ஆகும்? y-க்கான சமன்பாட்டை ஏன் காண முடியாது?

தொடக்க வகுப்புகளுக்கு உடைந்த அளவுகோல் போதும். 3 செ.மீ.யிலிருந்து தொடங்கும் அளவுகோலால் பென்சிலை அளந்தால் 11 காட்டுகிறது. பென்சிலின் நீளம் 8 செ.மீ. "எதைக் கழித்தாய், ஏன் கழித்தாய்?" என்று கேட்பதே திருத்தம் என்ற கருத்தின் தொடக்கம்.

"அப்போ ஃபோன் ஏன் சிலுவையைத் தொடச் சொல்றதில்ல?" என்று மாணவர் கேட்கலாம். கைபேசித் திரை மின்தேக்கு வகை. கண்ணாடியில் பதிந்த மின்முனைக் கட்டத்தில் எந்த இடத்தில் மின்தேக்குத்திறன் மாறுகிறது என்று அது பார்க்கிறது. கட்டத்தின் இடம் மாறாததால் பயனர் திருத்த வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை.

சரிபார்ப்பு

திருத்தம் செய்த புள்ளிகளையே மீண்டும் தொட்டுப் பார்த்தால் விடை சரியாகத்தான் வரும். அந்த இரண்டையும் வைத்துத்தானே சமன்பாட்டை அமைத்தோம். ஆகவே வேறோர் இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். x = 0.2r − 40 என்ற திரையின் நடுவில் தொட்டால் எண் 2200 வர வேண்டும்; அப்போதுதான் x = 400. 2300 வந்தால் விடை 420. இரு ஓரங்களும் சரி, நடுவில் 20 புள்ளி பிழை. அப்படியானால் தொடர்பு நேர்க்கோடாக இல்லை, பூச்சு தேய்ந்திருக்கலாம். எத்தனை முறை இரு புள்ளிகளால் திருத்தினாலும் அது சரியாகாது; திரையை மாற்ற வேண்டியிருக்கும். ஐ.டி.ஐ.க்கோ பாலிடெக்னிக்குக்கோ செல்லவிருக்கும் நம் மாணவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தால், நாளை ஒரு பழுதின் முன் நிற்கும்போது எதைத் திருத்தலாம், எதை மாற்ற வேண்டும் என்று காரணத்தோடு சொல்ல முடியும்.

நம் மதிப்பீட்டுக்கும் இது பொருந்தும். பயிற்சி கொடுத்த கணக்கையே தேர்வில் கேட்டால் மாணவர் சரியாகத்தான் எழுதுவார். கருத்து புரிந்ததா என்பதைப் புதிய கணக்கு ஒன்றுதான் காட்டும். இப்பாடத்தின் முடிவில் எண்களை மாற்றி, y அச்சுக்கு ஒரு கணக்கு கொடுத்துப் பாருங்கள்.