மாண்டரின் மீனுக்குத் தீவனம் பழக்குதல்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. நன்னீர் மீன்களை வளர்த்துக் கைதேர்ந்தபின், சிலர் கடல் மீன்களையும் வளர்க்க முற்படுகின்றனர். அவ்வாறு முற்படுவோரின் கண்ணை முதலில் கவரும் மீன்களுள் மாண்டரின் மீனும் ஒன்று. ஆயினும், ஆசையோடு வாங்கிவந்த இம்மீன் பல வீடுகளில் சில வாரங்களுக்குள் மெலிந்து இறந்துவிடுகிறது. நீர் தெளிவாக இருந்தது. நோய்க்குறி ஒன்றும் தென்படவில்லை. தீவனமும் வேளை தவறாமல் இடப்பட்டது. அப்படியிருந்தும் மீன் இறந்தது ஏன்? அது பட்டினியால் இறந்தது. இட்ட தீவனத்தை அது உணவென்றே அறியவில்லை.

கன்றைப் பால் மறக்கடித்துப் புல்லுக்குப் பழக்கிய அனுபவம் நம் அங்கத்தினர் பலருக்கும் உண்டு. பசித்தால் தானே தின்னும் என்று கன்றை யாரும் பட்டினி போடுவதில்லை. பாலும் கொடுத்து, இளம்புல்லையும் காட்டி, புல் தின்னும் அளவு கூடக்கூடப் பாலின் அளவைக் குறைப்பதே வழக்கம். மாண்டரின் மீனைப் பழக்குவதும் இந்த நெறியை ஒட்டியதே. அதன் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

மீனின் இயல்பு

இம்மீன் மேற்குப் பசிபிக் கடலுக்கு உரியது. வடக்கே ஜப்பானைச் சேர்ந்த ரியூக்யூ தீவுகள் முதல் தெற்கே ஆஸ்திரேலியா வரையில், அலை குறைந்த பவளப்பாறைப் பகுதிகளில் வாழ்கிறது. பிலிப்பைன் தீவுகளில் கிடைத்த மீனைக்கொண்டு 1927-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஹெர் என்னும் அறிஞர் இதனை முதன்முதலில் விவரித்தார். இன்று இதற்கு வழங்கும் விஞ்ஞானப் பெயர் சிங்கிரோப்பஸ் ஸ்ப்ளெண்டிடஸ் என்பதாகும். முற்காலத்துச் சீன அரசின் உயர் அதிகாரிகளை ஐரோப்பியர் மாண்டரின் என்று அழைத்தனர். அவர்கள் அணிந்த பட்டு அங்கிகளைப் போன்ற வண்ணமுடைமையால் மீனும் அப்பெயர் பெற்றது. சீன நாட்டு ஆறுகளில் வாழும் உணவு மீன் ஒன்றுக்கும் இதே பெயர் உண்டு. அது வேறு, இது வேறு.

சாயத்தொழில் அறிந்தோர்க்கு இம்மீனைப்பற்றி ஒரு விசேஷச் செய்தி உண்டு. விலங்குகளிடம் காணும் நீல நிறம் பெரும்பாலும் சாயமன்று. உடலின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றும் காட்சியே அது. மாண்டரின் மீனின் நீலமோ உண்மையான சாயப்பொருளால் ஆனது. இதனை 1995-ஆம் ஆண்டில் கோடா, ஃபூஜீ என்னும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்டனர்.

வளர்ந்த மீனின் நீளம் சுமார் 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை இருக்கும். உடலில் செதிள் இல்லை. தடித்த வழுவழுப்பான கோழை அதனைப் போர்த்திருக்கும். வாய் மிகச் சிறியது. பகல் முழுவதும் பாறையின் மேல் மெல்ல ஊர்ந்து, ஓரிடத்தை உற்று நோக்கி, நுண்ணிய உயிர் ஒன்றைக் கொத்தி, மறுபடியும் நகர்வதே அதன் வாழ்க்கை. கோப்பிபாடு எனப்படும் கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் ஓட்டுயிர்கள், சிறு புழுக்கள், சிறு நத்தைகள், மீன்முட்டைகள் ஆகியவை அதன் ஆகாரம்.

பட்டினி ஏன் நேருகிறது?

மேற்கூறிய இயல்பிலேயே காரணம் அடங்கியிருக்கிறது. முதலாவது, அசையும் பொருளையே இம்மீன் உணவென்று கொள்ளும்; அசையாத குருணையும் செதில் தீவனமும் அதன் கண்ணுக்கு மணலுக்கு ஒப்பானவை. இரண்டாவது, அது நிதானமாக உண்ணும் மீன். மற்ற மீன்கள் பாய்ந்து தின்றுவிட்ட பிறகே அது திரும்பிப் பார்க்கும். மூன்றாவது, அது ஓயாமல் சிறிது சிறிதாக உண்ண வேண்டியது. நாளுக்கு ஒரு முறை இடும் உணவு அதற்குப் போதாது.

புதிய தொட்டியில் விட்ட சில நாட்களுக்கு மீன் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். பாறையிலுள்ள நுண்ணுயிர்களை அது கொத்தித் தின்றுகொண்டிருக்கும். அவை பெருகும் வேகத்தைவிட மீன் தின்னும் வேகம் அதிகமானதால் இருப்பு விரைவில் தீர்ந்துவிடும். மீன் அதன் பிறகும் கொத்திக்கொண்டேயிருக்கும்; வயிற்றுக்குள் ஒன்றும் செல்லாது. கொத்துவதைக் கண்டு, உண்கிறது என்று எண்ணி ஏமாறுவோர் பலர். ஆதலால் கொத்துவதைப் பார்ப்பதைவிட வயிற்றைப் பார்ப்பதே மேல்.

மீனைத் தேர்ந்தெடுத்தல்

வாங்கும்போது மீனை மேலிருந்தும் முன்னிருந்தும் நோக்க வேண்டும். வயிறு சற்று உருண்டிருந்தால் நலம். வயிறு உட்குழிந்தோ, தலைக்குப் பின்புறம் ஒடுங்கியோ காணப்பட்டால் அம்மீன் நெடுநாட் பட்டினி கிடந்தது என்று அறியலாம்; அதனை மீட்பது மிகக் கடினம். இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் சண்டையிடும். முதுகின் முதல் துடுப்பில் நீண்ட முள் உடையது ஆண்.

தொட்டிகளிலேயே பிறந்து வளர்ந்த மாண்டரின் மீன்கள் இந்நூற்றாண்டில் விற்பனைக்கு வந்துள்ளன. அவை குஞ்சுப் பருவம் முதல் மனிதர் இடும் உணவை அறிந்தவையாதலால் எளிதில் பழகும். கடலிலுள்ள மீன் வளத்துக்கும் அவற்றால் குறைவு நேராது. கிடைக்குமாயின் அவற்றையே வாங்குவது உத்தமம்.

தொட்டி ஏற்பாடு

மீனை வாங்குமுன் தொட்டி குறைந்தது ஆறு மாத காலமாவது நிலைபெற்று ஓடியிருக்க வேண்டும். நீரின் வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். நுண்ணுயிர்கள் தங்குவதற்குப் புழையுள்ள பாறைகள் நிறைய வேண்டும். நம் நாட்டில் பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆதலின் செய்பாறைகளையே உபயோகிக்க வேண்டும்.

பழக்கும் காலத்தில் மீனைப் பெரிய தொட்டியில் சுதந்திரமாக விடலாகாது. தொட்டிக்குள்ளேயே நுண்துளை வலையாலான கூடை ஒன்றைத் தொங்கவிட்டு அதில் விடுவது நன்று. நீர் ஊடுருவும், உணவு எங்கும் போகாது, போட்டிக்கு வேறு மீன் வராது, உண்டதையும் மீந்ததையும் நாம் கண்ணால் காணலாம். மறைவுக்கு ஒரு சிறு கல்லையும் அதனுள் வைக்க வேண்டும்.

உயிருணவு தயாரித்தல்

பழக்கும் வேலையைத் தொடங்குமுன் உயிருணவு கைவசம் இருத்தல் அவசியம். எளிதில் பொரிக்கக்கூடியது ஆர்ட்டிமியா. இது உப்பளங்களில் வாழும் சிறு ஓட்டுயிர்; தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. இதன் உலர்ந்த முட்டைகள் மீன் கடைகளில் டப்பாவில் விற்கப்படுகின்றன.

ஒரு லிட்டர் நீரில் சுமார் 30 கிராம் உப்பைக் கரைத்து, ஒரு கிராம் முட்டையை இட்டு, காற்றுக்குழாயால் இடைவிடாமல் கலக்க வேண்டும். உப்பு அயோடின் கலவாததாயும், நீர் குளோரின் அற்றதாயும் இருக்கட்டும். வெளிச்சம் வேண்டும். 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் சுமார் 24 மணி நேரத்தில் குஞ்சு பொரியும். பின்னர்க் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்தால், வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். பொரியாத முட்டைகள் அடியில் தங்கும். பக்கவாட்டில் ஒரு விளக்கைக் காட்டினால் குஞ்சுகள் ஒளியை நாடிக் கூடும். அவற்றைக் குழாயால் உறிஞ்சி, நெருக்கமாய் நெய்த மெல்லிய துணியில் வடித்து, சுத்த நீரில் அலசி மீனுக்கு இடலாம். பொரித்தவுடன் இடுவதே நன்று. நேரம் ஆக ஆக அவற்றின் சத்து குறையும்.

ஆர்ட்டிமியாவை மட்டும் நீண்ட நாள் கொடுத்தால் மீனுக்குத் தேவையான கொழுப்புச் சத்து போதாது. ஆதலின் கோப்பிபாடுகளையும் ஒரு தனிப் பாத்திரத்தில், பச்சை நுண்பாசி உணவிட்டு வளர்ப்பது நல்லது. இவ்வளர்ப்பு சில வேளை திடீரென்று அழிந்துபோகும். இரண்டு பாத்திரங்களில் வைத்திருப்பதும், மீன் வளர்க்கும் அண்டை அயலாரோடு பகிர்ந்துகொள்வதும் அறிவுடைமை. ஒருவரிடம் அழிந்தால் மற்றவரிடம் விதை கிடைக்கும். கூட்டுறவின் பயனை நாம் அறியாதவரல்லவே!

பழக்கும் முறை

முதற்படி: மீனைக் கூடையில் விட்டபின் முதல் வாரம் உயிருள்ள உணவு மட்டுமே கொடுக்க வேண்டும். நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை சிறிது சிறிதாக இட வேண்டும். மீன் அச்சம் நீங்கி, நம்மைக் கண்டு ஒளியாமல், வயிறு நிறைய உண்பதே இப்படியின் நோக்கம். வயிறு உருளுமுன் அடுத்த படிக்குச் செல்லலாகாது.

இரண்டாம் படி: உறையவைத்த ஆர்ட்டிமியாவைத் தொட்டி நீரிலேயே இளக்கி, அலசி, உயிருள்ளவற்றோடு ஒரு சிட்டிகை கலந்து இட வேண்டும். உயிருள்ளவை நீந்தும்போது அவற்றிடையே கிடப்பதும் சற்று அசையும். மெல்லிய உறிஞ்சுகுழாயால் அவ்வப்போது நீரை மெதுவாக ஊதினால் அசைவு மிகும். மீன் தவறிப்போய் ஒன்றை விழுங்கும். அந்தத் தவறே அதற்கு முதற்பாடம்.

மீன் புதிய உணவை வாயில் கொண்டு உமிழ்ந்தால் மனந்தளர வேண்டா. அது வெறுப்பன்று, சுவை பார்த்தலே. பலமுறை உமிழ்ந்தபின் ஒருமுறை விழுங்கும்.

மூன்றாம் படி: உயிருணவைச் சில நாட்களுக்கு ஒரு முறை சிறிது குறைத்து, உறைந்த உணவைக் கூட்ட வேண்டும். ஏற்றுக்கொண்டபின், மைசிஸ் என்னும் சிறு இறாலைப் பொடியாக நறுக்கிக் கலக்கலாம். இது ஆர்ட்டிமியாவைவிடச் சத்து மிகுந்தது. மீன்முட்டைகளையும் பெரும்பாலான மாண்டரின் மீன்கள் விரும்பும். மீன் மெலிவதாகத் தோன்றினால் தயங்காமல் முந்திய படிக்குத் திரும்ப வேண்டும். திரும்புவது தோல்வியன்று.

நான்காம் படி: குருணைத் தீவனம். மிகச் சிறியதாகவும், நீரில் மெதுவாகத் தாழ்வதாகவும், ஊறினால் மிருதுவாவதாகவும் உள்ளதைத் தெரிந்தெடுக்க வேண்டும். மைசிஸ் நனைந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் பழகிய வாசனை ஏறும். அதனை உறைந்த உணவோடு கலந்து, முன்போலவே விகிதத்தை மாற்றிவர வேண்டும்.

இவையனைத்துக்கும் காலவரையறை இல்லை. ஒரு மீன் இரண்டு வாரத்தில் பழகும். மற்றொன்று இரண்டு மாதமும் எடுக்கும். ஒவ்வொரு வேளையும் அரைமணி கழித்து மீந்த உணவை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது அழுகி நீரைக் கெடுக்கும்.

பெரிய தொட்டியில் விடுதல்

கூடையில் நன்கு உண்ணும் மீன், பெரிய தொட்டியில் விட்டதும் பழைய வழக்கத்துக்குத் திரும்பக்கூடும். இதனைத் தவிர்க்க ஓர் எளிய உபாயம் உண்டு. சிறு கண்ணாடிப் போத்தல் ஒன்றை மணலின்மேல் படுக்கையாகக் கிடத்தி, ஒரு நீண்ட குழாய் வழியே உணவை அதனுள் இட வேண்டும். நீரோட்டம் உணவை அடித்துச் செல்லாது; வேகமாக நீந்தும் மீன்கள் உள்ளே நுழையத் தயங்கும்; மாண்டரின் மட்டும் நிதானமாக ஊர்ந்து புகுந்து உண்ணும். கூடையில் இருக்கும்போதே இப்போத்தலை அறிமுகப்படுத்திவிட்டால், பின்பு அதனைத் தேடி வரும். உணவிடும் வேளையில் நீரோட்டப் பம்பைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பதும் நல்லது.

பழகாத மீன்

எவ்வளவு முயன்றாலும் சில மீன்கள் உயிருணவு தவிர வேறொன்றையும் தொடமாட்டா. கடலில் பிடித்த முதிர்ந்த மீன்களிடம் இதனை அதிகம் காணலாம். அப்படிப்பட்ட மீனை வைத்திருப்பவர், அதன் ஆயுட்காலம் முழுவதும் உயிருணவு வளர்த்து இடக் கடமைப்பட்டவர். அதற்குரிய நேரமும் வசதியும் இல்லாதவர் இம்மீனை வாங்காதிருப்பதே தருமம். அழகுக்காகப் பிறந்த கடலிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த உயிரை, கண்ணெதிரே பட்டினியில் சாகவிடுவது வளர்ப்பாகாது.

“பசி வந்தால் தின்னும்” என்ற சொல் எத்தனையோ மாண்டரின் மீன்களின் உயிரைப் போக்கியிருக்கிறது. பசி மீனுக்கு ஆசிரியனன்று. பசித்து மெலிந்த மீனுக்குப் புதியதொன்றைக் கற்கும் தெம்பு இல்லை. வயிறு நிறைந்த மீனே புதிய உணவைச் சோதித்துப் பார்க்கும் துணிவு பெறுகிறது. ஆதலால் முதலில் அது அறிந்ததைக் கொடுங்கள், நிறையக் கொடுங்கள், பிறகு அறியாததைச் சிறிது சிறிதாகக் கலந்து காட்டுங்கள். நாள்தோறும் வயிற்றைப் பார்த்து, அதன் போக்குக்கு ஏற்ப முன்னும் பின்னும் செல்லுங்கள். இப்பொறுமை உடையவர் இல்லத்தில் மாண்டரின் மீன் பல ஆண்டுகள் நலமுடன் வாழும்.