சார்பு: சொல்லும் பொருளும்

கணிதப் பாடநூலில் 'சார்பு' என்னும் சொல்லைக் கண்டவுடன், 'ஒன்று மாறினால் அதனைச் சார்ந்த மற்றொன்றும் மாறும்' என்றே மாணவர் பொருள் கொள்கின்றனர். தமிழாசிரியர்க்குக் கணிதத்தில் என்ன வேலை என வினவுவோர் உளர். மயக்கம் சொல்லால் விளைந்தது ஆதலின் நாமும் சிறிது நோக்குதல் தகும்.

முதலெழுத்துகளைச் சார்ந்து வருவனவற்றைத் தொல்காப்பியர் மூன்று என்றார். நன்னூலார் பத்து என்றார். அங்குச் சார்பு என்பது ஒன்றன் துணையின்றி மற்றொன்று நில்லாமை. கணிதத்திலோ, எவ்வெண்ணைக் கொடுப்பினும் 5 என்றே விடை தரும் விதியும் சார்பேயாம்; அதனை மாறிலிச் சார்பு என்பர். அங்கே எதுவும் எதனையும் சார்ந்து மாறவில்லை!

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1755இல் ஆய்லர் தந்த விளக்கமும், பிற அளவுகள் மாறத் தானும் மாறுவது என்பதே. 1837இல் டிரிக்லே, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரேயொரு மதிப்பு குறிக்கப்பட்டால் போதும், ஒரே வாய்பாடு தேவையில்லை என்றார். மாறுதல் அன்று, ஐயமின்மையே சார்பின் உயிர்.

புணர்ச்சியைக் கொண்டு இதனை விளக்கலாம். நிலைமொழியும் வருமொழியும் கொடுக்கப்படும் இணை. புணர்ந்த வடிவம் அதன் விடை. பொன்னும் குடமும் புணர்ந்தால் பொற்குடம் ஒன்றே. ஆனால் கல், குறிது என்பன 'கல் குறிது' எனவும் 'கற்குறிது' எனவும் இருவகையாக வரும். இலக்கணிகள் உறழ்ச்சி என்னும் இவ்விடத்தில் விடை இரண்டாதலின் சார்பு இல்லை; வெறும் உறவே உண்டு. மறுதலையாக, இரண்டு இணைகள் ஒரு விடையில் கூடுதல் குற்றமன்று. கண்ணின் கடையும் கட்கடை. கள் விற்கும் கடையும் கட்கடை. (மாணவர்க்கு இரண்டும் ஆகா.) இஃது ஒன்றுக்கொன்றான சார்பு அன்று; ஆயினும் சார்பே. பிரிமொழிச் சிலேடை பாடும் புலவர்க்கு இவ்விடமே விளைநிலம்.

பள்ளிவாசலில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையும் நல்ல சான்றாகும். ஓர் ஊரில் ஒரு நாளுக்கு அஸர் தொடங்கும் நேரம் ஒன்றே. அதே நேரம் வேறொரு நாளிலும் வரலாம். ஆனால் நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் அளவு ஆகும்போது அஸர் என்பர் ஷாஃபியீகள்; இருமடங்கு ஆகும்போது என்பது ஹனஃபிகளின் பெருவழக்கு. அவ்வாறாயின் ஒரு நாளுக்கு இரண்டு விடைகளா? நாளை மட்டும் கொடுத்தால் சார்பு இல்லை. நாளையும் மத்ஹபையும் சேர்த்துக் கொடுத்தால் விடை ஒன்றாகிவிடும். எதைக் கொடுக்கின்றோம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்று கணித நூல்கள் மதிப்பகத்தை வற்புறுத்துவது இதனாலேயாம்.

அரபியர் இக்கருத்தைத் 'தால்லா' என்பர். சுட்டுவது என்பது அதன் பொருள். சான்று என்னும் பொருளில் நம் பெரியோர் வழங்கும் 'தலீல்' என்பதும் அதே வேரினது. சாய்ந்து நிற்பதைவிடச் சுட்டிக் காட்டுவதே இங்குப் பொருந்துகின்றது: ஒரு விரல் ஒரே நேரத்தில் இரண்டைச் சுட்டாது, பல விரல்கள் ஒன்றைச் சுட்டலாம். ஆயினும் சார்பு என்னும் சொல் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. அதனைப் பெயர்க்க நாம் விரும்பவில்லை. கணித ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே மாறிலிச் சார்பைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்களாயின், அச்சொல்லால் எழும் மயக்கம் அன்றே நீங்கும்.