உழவர்களின் இடுப்பு வலியும் வட்டுப் பிதுக்கமும்

உர மூட்டையைத் தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்று பிடிக்கிறது. சில நாட்களில் வலி புட்டம் வழியாகக் கால் வரை இறங்குகிறது. "ஜவ்வு விலகிவிட்டது, தடவிச் சரிசெய்" என்பார் ஒருவர். "மாதக் கணக்கில் படுத்திரு" என்பார் மற்றொருவர். இரண்டுமே தவறு. வட்டு எவ்வாறு கெடுகிறது, எவ்வாறு ஆறுகிறது என்பதை உழவர்கள் அறிந்திருந்தால் வீண் செலவையும் பெருந்தீங்கையும் தவிர்க்கலாம்.

வட்டு என்பது என்ன?

இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றினிடையே மெத்தை போல வட்டுகள் அமைந்துள்ளன. வட்டின் வெளிப்புறம் நார் வளையம், உள்ளே கூழ். வயது, ஓயாத குனிவு, அதிகப் பளு ஆகியவற்றால் வளையம் நலிந்து, கூழ் பின்பக்கம் பிதுங்குகிறது. வாய்க்கால் கரை இளகிய இடத்தில் புடைப்பது போன்றது இது. வட்டு நழுவி வெளியே வருவதில்லை. ஆகவே தடவியோ மிதித்தோ அதை உள்ளே தள்ள முடியாது. பெரும்பாலும் கடைசி இரண்டு வட்டுகளே பிதுங்குகின்றன. அவ்விடத்தில் காலுக்குச் செல்லும் நரம்பு அழுத்தப்படுவதால், பாதம் வரை வலியும் மரமரப்பும் ஏற்படுகின்றன.

பளு கூடுவது எப்படி?

கடப்பாரையின் தத்துவம் நமக்குத் தெரியும். குனிந்து தூக்கும் முதுகும் அப்படியே. 20 கிலோ சுமையை வட்டிலிருந்து 50 செ.மீ. முன்னால் பிடிக்கிறோம். அதைத் தாங்கும் முதுகுத் தசையோ வட்டுக்குச் சுமார் 5 செ.மீ. பின்னால்தான் உள்ளது. எனவே தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த அழுத்தமும் வட்டின் மேலேயே விழுகிறது. அதே சுமையை உடலோடு அணைத்து 25 செ.மீ. தொலைவில் பிடித்தால் இது பாதியாகக் குறையும்.

வலி வந்தால்

கடும் வலியில் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு வீட்டைச் சுற்றிச் சிறிது சிறிதாக நடக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிகிறது. பிதுங்கிய கூழை உடலே கரைத்துக்கொள்வதும் உண்டு. மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகம் தரும். வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்கக் கூடாது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரலாம். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடலில் இக்கேடு அதிகம். கால் வலி 6 வாரங்களுக்கு மேலும் தணியாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டி, அறுவை சிகிச்சை தேவையா என்று கேட்டறிய வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு

சிறுநீர் அடைத்தல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், மலம் அடக்க முடியாமை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், பாதம் தொங்கிப்போதல் அல்லது கால்கள் வலுவிழத்தல் கண்டால் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் நிரந்தர ஊனம் ஏற்படலாம்.

வேலையில் செய்யவேண்டிய மாற்றங்கள்

1. இரவில் வட்டு நீர் ஏற்று உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து சாணம் அள்ளுவதையும் சுமை தூக்குவதையும் தவிர்க்கவும்.

2. 45 கிலோ யூரியா மூட்டையை இருவராகத் தூக்கவும். தனியாள் என்றால் பிரித்து, பாதி பாதியாக எடுத்துச் செல்லவும். முழங்காலை மடக்கித் தூக்கவும். சுமையோடு இடுப்பைத் திருகாமல் காலை நகர்த்தித் திரும்பவும்.

3. வரிசை நடவு வயலில் கோனோ களைக்கருவியை நிமிர்ந்து நின்றபடி தள்ளலாம். தோட்டக்கால் பயிருக்கு நீண்ட பிடியுள்ள களைக்கொத்து நல்லது.

4. 16 லிட்டர் கைத்தெளிப்பானில் நீர் மட்டுமே 16 கிலோ. பாதி நிரப்பி, உயரமான திட்டில் வைத்துத் தோளில் மாட்டவும்.

5. நடவிலும் களையெடுப்பிலும் ஈடுபடும் பெண்கள் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துச் சிலமுறை பின்னால் வளைய வேண்டும். வேலை கொடுப்போர் இதைச் சோம்பலாகக் கருதக் கூடாது.

வலி தீர்ந்ததும் அறுவடையிலோ மூட்டை ஏற்றுவதிலோ உடனே இறங்காமல், இலகுவான வேலையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே மீண்டும் வலி வராமல் காக்கும் வழியாகும்.