தொட்டி மீன்களும் பாக்டீரியா நோய்களும்
(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் வண்ண மீன்களைக் கண்டு மகிழாதவர் இலர். வண்ண மீன் வாணிபத்திற்குப் பெயர் பெற்றது சென்னைக் கொளத்தூர். சோழவரத்திலிருந்து செங்குன்றம் வழியாகப் பேருந்தில் சென்று அரை நாளில் திரும்பிவிடலாம். அவ்வாறு வாங்கி வந்த பன்னிரண்டு மோலி மீன்களை என் தங்கை வளர்த்து வந்தாள். அவற்றுள் ஒன்பது இறந்துவிட்டன. காரணம் நான்தான். என் பிழையையும் அதனால் நான் கற்றதையும் இங்கே கூற விழைகிறேன்.

நடந்தது என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைச் சுத்தம் செய்ய முற்பட்டேன். நீர் முழுவதையும் மாற்றினேன். கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் நன்கு தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தினேன். ஐந்தாறு நாட்களில் மீன்களின் துடுப்பு ஓரங்கள் வெளுத்துக் கிழிந்தன. வாயைச் சுற்றி வெண்படலம் தோன்றியது. நான்கு மீன்கள் மடிந்தன.

"நீ மீனைப் பத்தித்தானே அண்ணா படிக்கிற? மருந்து சொல்லு" என்றாள் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் மீந்திருந்த டெட்ராசைக்ளின் கேப்சூல்கள் இரண்டைப் பிரித்துத் தொட்டியில் கொட்டினேன். இரண்டாம் நாள் நீர் கலங்கியது. மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாய் பிளந்து தவித்தன. மேலும் ஐந்து இறந்தன.

மறுநாள் எங்கள் பேராசிரியரிடம் கூறினேன். அவர், "தண்ணீரைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

நன்மை செய்யும் பாக்டீரியா

மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது அவற்றுக்கே நஞ்சு. வடிகட்டிப் பஞ்சிலும் கற்களிலும் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நான் கழுவிக் காய வைத்தபோது அழிந்தவை இவையே. அம்மோனியா பெருகியது, மீன்கள் வலுவிழந்தன.

நோய் செய்யும் பாக்டீரியா

ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நன்னீரில் எப்போதும் உள்ளன. மீன் வலுவிழக்கும்போதே அவை நோயாக மாறுகின்றன. துடுப்பு அழுகல், உடலில் சிவந்த புண், வயிறு வீங்கிச் செதில்கள் விரிந்து நிற்றல் ஆகியவை அறிகுறிகள். வாயிலும் முதுகிலும் வெண்படலம் தோன்றுவது காலம்னாரிஸ் நோய். 1922இல் டேவிஸ் என்பவர் அமெரிக்காவில் இதை விவரித்தார். நுண்ணோக்கியில் இப்பாக்டீரியாக்கள் தூண்கள் போலத் திரண்டு நிற்பதால் இப்பெயர். பலர் இதைப் பூஞ்சை என எண்ணி ஏமாறுகின்றனர். வெப்பம் மிகுந்தால் இந்நோய் விரைந்து பரவும். எனவே நீரைச் சூடாக்குதல் கூடாது.

சிகிச்சை முறை

முதலாவதாக, நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இரண்டாவதாக, நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும்; குழாய் நீரானால் குளோரின் நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். மூன்றாவதாக, தீனியைக் குறைத்துக் காற்றுப் பம்பை இடைவிடாது இயக்க வேண்டும். நான்காவதாக, மோலி, கப்பி போன்ற உப்பைத் தாங்கும் மீன்களுக்கு லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். எஞ்சிய மூன்று மோலிகளை இவ்வாறே காப்பாற்றினோம்.

இவற்றால் குணமாகாவிடில் மட்டுமே உயிர்எதிர்ப்பு மருந்து. அதுவும் மீன் நோய் அறிந்தவர் சொல்லும் அளவில். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருப்பது நம் பகுதிக்கு ஒரு வாய்ப்பு. டெட்ராசைக்ளின் கடின நீரிலுள்ள கால்சியத்துடன் பிணைந்து வலுவிழக்கும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைப்பதே அரிது! நான் போட்ட மருந்து நோயையும் தீர்த்திராது. பஞ்சில் மீண்டும் துளிர்த்த நல்ல பாக்டீரியாக்களையும் விட்டிராது.

தொட்டிக்கு வெளியே

போதாத அளவு மருந்து நுண்ணுயிரிகளை எதிர்ப்பாற்றல் பெறச் செய்யும் என்று பென்சிலினைக் கண்ட பிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார். 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' இச்சிக்கலைப் பற்றியதே. அன்று மருந்து கலந்த நீரை வாய்க்காலில் கொட்ட வாளியுடன் புறப்பட்டேன். அவ்வாய்க்கால் ஏரியில் சேர்கிறது. சோழவரம் ஏரி நீர் புழல் ஏரிக்குச் சென்று சென்னை மக்களின் குடிநீராகிறது. வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அந்நீரைக் கரி வடிகட்டியில் செலுத்தி, நீர்நிலைக்குத் தொலைவில் வறண்ட மண்ணில் ஊற்றினோம்.

மற்றொரு எச்சரிக்கை: கையில் காயம் இருக்கும்போது தொட்டியில் கை விடலாகாது. மைக்கோபாக்டீரியம் மெரினம் என்னும் காசநோய்க் கிருமியின் இனம், ஆறாத தோல் புண்ணை உண்டாக்கும்.

புதிய மீன்களை மூன்று வாரமேனும் தனியே வைத்துப் பார்த்தல், வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாக அலசுதல் ஆகிய இரண்டையும் கடைப்பிடித்தால் பெரும்பாலான நோய்கள் அணுகா. இப்போது தங்கை ஏதேனும் கேட்டால், "தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன்" என்கிறேன். அதைச் சொல்லக் கற்றுக்கொள்ள ஒன்பது மீன்கள் இறக்க வேண்டியிருந்தது.